கடைசி வரியில் இருந்த பெயர்

என் முன்பல் ஒன்று சொந்தப் பல் அல்ல. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பல் கட்டும் கடை வைத்திருந்த சீனாக்காரர் செய்து பொருத்தியது. ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். நேரில் மட்டும் டாக்டர். அவருடைய அப்பா சீனாவில் கான்டன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து, பட்டுத்துணி மூட்டை சுமந்து விற்று, கடலூரில் இறந்தவர். இவர் பிறந்ததே கடலூரில்தான். மனைவி மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை.

பல்லைப் பொருத்தியதும் பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி இருந்தது. "வூட்ல அடிக்கடி கூப்புடற பேரு ஒண்ணு சொல்லுங்க" என்பார். ஆண்கள் பெண்டாட்டி பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு மாட்டின் பெயரைச் சொல்வார்கள். கடையே சிரிக்கும். நான் என் மகள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது என் மகனின் பெயர். பதினோரு மாதத்தில் வயிற்றுப்போக்கில் போனவன்.

"பையனா? இன்னா படிக்கிறான்?" என்றார் அவர். நான் வாயைத் துணியால் மூடிக்கொண்டு அழுதேன்.

அடுத்த பங்குனியில் மகளின் பல்லைக் காட்டப் போனபோது கடையின் உள்சுவரில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக, கறுப்பு மையில் ஐந்து வரிகள். கீழே கிண்ணத்தில் சோறு, பக்கத்தில் வாழையிலையில் வடை. வருடத்தில் ஒரு நாள் இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைப்பது அவர்கள் வழக்கமாம். வடை மட்டும் மனைவி சேர்த்தது. விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். தாத்தா, அப்பா, அம்மா. "இது எங்க மாமனாரு. அவருக்குச் சீன எழுத்து படிக்கத் தெரியாது. ஆனா பசி தெரியும் இல்ல?"

ஓரத்தில் கடைசி வரி சின்னதாக இருந்தது. "இது உங்க புள்ள பேரு, டீச்சர். சத்தத்துக்கு ஏத்த மாதிரி எழுதியிருக்கேன்."

எங்களில் அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாது, புதைப்பதோடு சரி என்றேன்.

"எங்கள்லயும் கிடையாது. ரெண்டு பக்கமும் இல்லன்னா அது எங்க போயி சாப்புடும்? எங்க தாத்தாவா வந்து கேக்கப் போறாரு?"

அடுத்த வருடம் அவரே நாள் சொல்லியனுப்பினார். யாருக்கும் சொல்லாமல் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அதே வருடம் ஐப்பசியில் சீனாவோடு சண்டை வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் விட்டார்கள். வைக்கோல் பொம்மைக்கு மஞ்சள் பூசி, கண்ணுக்குப் பதில் கரியால் இரண்டு கோடு இழுத்தது ஐந்தாம் வகுப்பு, என் வகுப்பு. வைக்கோல் வாங்கிக் கொடுத்தது நான்.

பஸ் ஸ்டாண்டில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊர்வலம் பல் கடை முன்னால் நின்றது. எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் மணியக்காரர். மேல்வரிசை கீழ்வரிசை இரண்டும் அந்தக் கடையில் கட்டிக்கொண்டவர்.

"டேய், வெளிய வாடா! எங்க உப்பத் தின்னுட்டு எங்களுக்கே குழி பறிக்கிறியா?"

"மணியக்காரரே, பாத்துக் கத்துங்க. பல்லு கழண்டு அவன் பக்கம் போயிடப் போவுது" என்றான் ஒருவன்.

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் கலைந்துபோவார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் அலமாரியை உடைத்தார்கள். வெள்ளை மாவில் எடுத்து வைத்திருந்த ஊராரின் வாய் அச்சுகள் தெருவில் உருண்டன. அவரவர் தாடையை அவரவரே மிதித்தார்கள்.

பிறகு சிவப்புத் தாள் கண்ணில் பட்டது.

"கோட்ட மேப்பு! ஏழு வாசலையும் எழுதி வச்சிருக்கான் பாரு!" என்றார் மணியக்காரர். இருந்தது ஐந்து வரி. ஆடு மேயும் கோட்டைக்கு எதற்கு வேவு என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். "இன்னாடா எழுதியிருக்குது?"

"செத்தவங்க பேரு சார்." டாக்டரின் உதட்டில் ரத்தம்.

"நீ சொன்னா நம்பிடணுமா? வேற யாருக்குத் தெரியும்?"

"டீச்சருக்குத் தெரியும் சார். கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். என் மகள் வரிசையில் முதலாவதாகக் கொடி பிடித்து நின்றாள், எட்டு வயது. பொம்மையைக் கொளுத்தக் கொண்டுவந்த மண்ணெண்ணெய் டப்பா அவள் பக்கத்தில் நின்றவன் கையில் இருந்தது. அந்தத் தாளில் என் வீட்டுப் பெயர் இருக்கிறது என்றால் இவர்கள் அடுத்து எந்தத் தெருவுக்குப் போவார்கள் என்பது ஒன்றுதான் ஓடியது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பல்லு காட்டப் போனதோட சரி. செவுத்துல என்ன இருந்துச்சுன்னு பாத்ததே இல்ல."

டாக்டர் என்னை ஒரு முறைதான் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். தாத்தா, அப்பா, அம்மா, மாமனார்.

"ஓரத்துல சின்னதா இருக்குதே, அது?"

"அது என் புள்ள சார். செத்துப்போச்சு."

"புள்ளையே பொறக்காதவனுக்குச் செத்த புள்ளையாம்!" என்றார் மணியக்காரர். மறுபடி சிரிப்பு. சப்-இன்ஸ்பெக்டர் டாக்டரின் கன்னத்தில் அறைந்தார். "இது பொய்னா மத்த நாலும் பொய்தான். ஏத்துய்யா ஜீப்புல."

வாசற்படியில் நின்ற டாக்டரின் மனைவிக்கு அந்த வரி யாருடையது என்று தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள், "அம்மா, அது தம்பி பேருதான? நம்மகிட்ட காட்டினாரே?" நடுத்தெருவில் அவள் வாயில் அடித்தேன். அதுவரை அவளை நான் அடித்ததில்லை. ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்று விழுந்தது.

பத்து நாள் கழித்து டாக்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீட்டோடு போகப்போவதாகச் சொன்னாள். அவரை வடக்கே ஏதோ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், கடிதம் இல்லை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உங்க புள்ளைக்கு இனிமே நீங்களே சோறு வச்சிக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பங்குனி வந்தது. அந்த நாளை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. மாதம் முழுக்கத் தினமும் ஒரு பிடி சோறு ஜன்னலில் வைத்தேன். இன்றும் வைக்கிறேன். மகள் பார்க்கிறாள். யாருக்கு என்று கேட்பதில்லை. என்னிடம் அவள் எதையுமே கேட்பதில்லை.