சங்குத் துண்டில் எழும்பிய நகரம்

எழுபதுகளில் ஒரு கோடை. திருத்தணிக்கும் அம்மையார்குப்பத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மேட்டைத் தோண்டத் தொல்பொருள் துறை அதிகாரி ஒருவர் வந்தார். தறியில் பாவு நூல் இல்லாமல் சும்மா கிடந்த நான் கூலிக்குப் போனேன். மூன்று வாரம் தோண்டியும் வெறும் பானை ஓடு. வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டுவதாகப் பேச்சு.

அவரிடம் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. சாப்பாட்டு வேளையில் எங்களுக்குப் படம் காட்டுவார். எங்கோ அமெரிக்கக் காட்டுக்குள் மாயா சனங்கள் கட்டிய வியாபார நகரமாம். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், மண்ணுக்கடியில் கடல் சிப்பி கிடைத்ததாம். அதை வைத்தே வியாபாரம் நடந்ததைக் கண்டுபிடித்தார்களாம்.

"இங்கயும் கடல் சாமான் ஒண்ணே ஒண்ணு கெடைச்சா போதும்பா" என்று எச்சில் விழுங்குவார், பந்திக்கு வெளியே நிற்பவன் போல.

சாவு ஊர்வலத்தில் ஊதி உடைந்த சங்கு ஒன்று எங்கள் தெரு வேலியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அதில் ஒரு துண்டை மடியில் கட்டிக்கொண்டு போய், குழிக்குள் போட்டு மிதித்து, நானே "சார்!" என்று கத்தினேன். இன்னும் பத்து நாள் வேலை கிடைக்குமே. அவ்வளவுதான் என் புத்தி.

அந்த ஆள் துள்ளினார். இரண்டாம் நாளே பக்கத்து நிலத்தைச் சுற்றிக் கல் நட்டார்கள். அது என் பாவாவுடைய, அதாவது அக்கா புருஷனுடைய, கொல்லை. பாதி வெட்டிய கிணறு அதில் இருந்தது. இனி மண்வெட்டி படக்கூடாதாம்.

"மச்சான், வெட்டிகினு இருந்தவன் கையக் கட்டிட்டானுங்களே! இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் எறங்கினா தண்ணிடா" என்றார் பாவா. நான் அதிகாரியிடம் ஓடினேன்.

"சார், அந்தச் சங்கு நான் போட்டது. சாவுச் சங்கு."

"நெலத்துக்காரன் உன் சொந்தக்காரன்தானே? இப்பிடிச் சொல்ல எவ்ளோ குடுத்தான்?"

வேலியில் கிடந்த மிச்சச் சங்கைக் கொண்டுபோய்ப் பொருத்திக் காட்டினேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அவர் அதையும் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றி, மேலே நம்பர் எழுதினார்.

"அப்போ உங்க தெரு வரைக்கும் நகரம் இருந்திருக்கு" என்றார்.

படித்த மூளை! சொன்னபடியே வெள்ளிக்கிழமை மூட்டை கட்டினார். தேடியது கிடைத்தபின் எதற்குத் தோண்ட வேண்டும்? எனக்கு ஒரு நாள் வேலைகூட அதிகமாகக் கிடைக்கவில்லை.

பாவாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "அவன் படிச்சிட்டு முட்டாளானான். நீ எதுக்குடா ஆன?" என்றார்.

அந்தக் கிணற்றில் இன்றுவரை முள்செடிதான்.