ஒட்டுவாரொட்டிக்கு அர்த்தம் சொன்ன கதை

அம்மை குத்துகிறவனைக் கண்டால் நாய் குரைப்பதற்கு முன்பே கதவு சாத்திக்கொள்ளும். வீடு வீடாகப் போய்ப் பிழைத்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அறுபதுகளில் செஞ்சியில் எனக்கு அந்த உத்தியோகம், பெரியம்மைக்குத் தடுப்பூசி போடுவது. கோட்டையைப் பிடிக்க வந்தவர்கள்கூட என்னளவுக்குக் கதவு இடித்திருக்க மாட்டார்கள். 'தொற்றுநோய் என்றால் ஜனங்களுக்குப் புரியாது, ஒட்டுவாரொட்டி என்று சொல்' என்பது மேலதிகாரி உத்தரவு.

சந்தையில்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அம்மாவிடம் ஆரம்பித்தேன். ஒருத்தரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டிக்கொண்டு பரவுவதுதான் ஒட்டுவாரொட்டி என்று விலாவாரியாக விளக்கினேன். எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க வூட்ல கொட்டாவி அப்டித்தாங்க. நைனா வுட்டார்னா எட்டு பேருக்கும் வந்துடுது. அதுக்கு ஊசி இருக்குதா?"

தாளிக்காத வீடு

சிங்கவரத்தில் ஒரு தெருவில் அம்மை கண்டிருப்பதாகத் தகவல். நான் வருவது தெரிந்து வாசல் வேப்பிலையை எடுத்து ஒளித்துவிட்டார்கள். ஆனால் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்களே! சமையல் நேரத்தில் மூக்கை நம்பி நடந்தேன். எல்லா வீட்டிலும் கடுகு வெடித்தது, கோவிந்தன் வீட்டைத் தவிர.

மூத்த பையன் பாயில் கிடப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. மூன்று வயசுச் சின்னவளுக்கு அம்மை குத்தியதே இல்லை. மறுநாள் அமாவாசை. அவளையும் தூக்கிக்கொண்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் ஏறப்போகிறார்களாம். "ஒட்டுவாரொட்டிங்க இது" என்றேன். கோவிந்தனுக்கு வந்ததே கோபம்!

"ஆத்தா இன்னா சொறி சிரங்கா, ஒட்டிக்கிறதுக்கு? மொதல்ல கன்னத்துல போட்டுக்க சார்!"

வாசற்படியில்

போட்டுக்கொண்டேன், பலமாகவே. பிறகு படியேறப் போனால், அவர் மனைவி பச்சையம்மாள் குறுக்கே கை நீட்டினார்.

"ஆத்தா இருக்கிற வூட்டுக்குள்ள வெளியாள் வரக்கூடாது."

"ஏம்மா?"

"உங்களுக்கும் ஊத்திக்கும்."

"அதைத்தாம்மா நானும் சொன்னேன். வெளியாளுக்கே ஊத்திக்கும்னா, பக்கத்துலயே படுக்கிற சின்னவளுக்கு?"

பச்சையம்மாள் உள்ளே போய், சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுட்டேன். குத்துங்க. மலையனூருக்கு நாங்க போவல."

பாட்டுக் கச்சேரி

அதைப் பார்த்துத் தெருவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தது. அன்று முதல் இரண்டு வாரம், தினமும் போய்ச் சின்னவளைப் பார்த்துவிட்டு வந்தேன். சாமி புண்ணியம், ஒரு முத்துகூடப் போடவில்லை. ஆனால் என் சைக்கிள் மணி கேட்டாலே அழ ஆரம்பித்துவிடுவாள். உடனே அடுத்த வீடு, எதிர் வீடு என்று தெருக்கோடி வரைக்கும் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு அழும். கடைசி நாள் கோவிந்தன் சிரித்தேவிட்டார்.

"இப்பப் புரிஞ்சிபோச்சு சார், ஒட்டுவாரொட்டின்னா இன்னான்னு!"

நான் தொண்டை கிழியக் கத்தியும் விளங்காத வார்த்தையை, மூன்று வயசுப் பெண் ஒரே கத்தலில் ஊருக்கே விளங்கவைத்துவிட்டாள்.