ஓட்டைக்குடையின் நம்பர்

என் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் இணையத்தில் ஓர் அரட்டை மன்றம் இருந்தது. அங்கே இவர் பெரிய புள்ளி. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவர் பெயர் பூட்டு. யாராவது நிஜப் பெயரோ போன் நம்பரோ எழுதிவிட்டால் உடனே அழிப்பது இவர் வேலை. சம்பளமில்லாத காவல்காரர். ஊர் பேர் தெரியாதவர்களோடு அப்படியென்ன பேச்சு என்று நான் திட்டாத நாளில்லை.

அண்ணி இறந்த பிறகுதான் என் வாய் அடைத்தது. சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினார்கள். அதன்பின் அவரை அதட்டிச் சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்பியது அந்த மன்றத்தில் ஓட்டைக்குடை என்ற பெயரில் எழுதிய ஒரு ஆள்தான். ஆணா பெண்ணா என்றுகூட அண்ணனுக்குத் தெரியாது.

போகப்போக எல்லோரும் புதுப்புது செயலிகளுக்கு ஓடிவிட்டார்கள். மன்றம் ஈ ஓட்டியது. மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நாள் ஆளாளுக்கு நம்பர் போட்டார்கள். மகானுபாவர் என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தார். அழிந்தவற்றின் தலைப்புகள் திரையில் வந்தபோதுதான், "பூட்டு, இது உனக்கு" என்று ஓட்டைக்குடை போட்டிருந்த நம்பரும் அதில் போனது தெரிந்தது. பதறிப்போய்த் தன் நம்பரைத் தட்டி முடிப்பதற்குள் பக்கம் மூடிவிட்டது.

"என் கையாலேயே அழிச்சுட்டேன்மா," என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

சில வருடம் கழித்து என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகள் போனில் தோழிக்குச் சமாதானம் சொன்னாள்: "அழணும்னா அழுடி. போனை சார்ஜ்ல போட்டுட்டு அழு."

அண்ணன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இது யார் சொன்னது என்று கேட்டார். எல்லாரும் சொல்வதுதான் மாமா என்று சொல்லி அவள், அந்த வாசகம் போட்ட வேடிக்கைப் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள்.

"உங்க அத்தை போன அன்னைக்கு ஓட்டைக்குடை எனக்கு எழுதினதும்மா இது," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் படங்கள் ஒவ்வொன்றின் கீழும், "ஓட்டைக்குடை, நான் பூட்டு. இருக்கியா?" என்று எழுதி, தன் நம்பரையும் போட்டார். கடையில் இயந்திரம் ஓய்கிற போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறார். பதில்கள் வராமல் இல்லை. யார் பெற்ற பிள்ளைகளோ, சிரித்து எழுதியிருக்கிறார்கள்: "அழணும்னா அழு பெருசு. போனை சார்ஜ்ல போட்டுட்டு அழு."