படத்தின் மூலையில் இருந்த தேதி

1992 ஜனவரியில் ஒரு நாள், காலை ஏழு பத்து. சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலை பக்கம் ஓர் எஸ்டேட்டில் அலறல் கேட்டு ஓடினேன். முதலில் கண்ணில் பட்டது, காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மெஷினின் பெல்ட்டில் இருந்த இரத்தம். பெல்ட்டுக்கு மூடி இல்லை; மூடி மாட்டுவதற்கான துளைகூட இல்லை. சின்னப்பொண்ணு என்ற தொழிலாளி வலது கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு கீழே கிடந்தார்.

விலையுயர்ந்த சிறிய ஃபிலிம் கேமராக்களைச் சேகரிப்பவன் நான். பனியைப் படமெடுக்க அன்று ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன்.

"ஏனுங்க, மெஷினப் படம் புடிச்சுக்குங்க. நாளைக்கே மூடி மாட்டிப்போடுவாங்க," என்றார் அவர் கணவர்.

"சோப்பு டப்பாவாட்ட இருக்குது, இதுல என்னத்தங்க உழுகும்?" என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நான்கு படங்கள் எடுத்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். மறுநாளே மெஷினுக்கு மூடி வந்தது. சின்னப்பொண்ணுதான் மூடியைக் கழற்றினார், அதனால் இழப்பீடு கிடையாது என்றது எஸ்டேட். உடன் வேலை செய்தவர்கள் சாட்சிக்கு வரவில்லை. மூடிக்குத் துளையே இல்லை என்று காட்ட என் படங்கள்தான் மிஞ்சின.

இழப்பீடு கேட்டுச் சின்னப்பொண்ணு போட்ட மனுவின் விசாரணையில் ரைட்டர் படத்தின் மூலையைக் காட்டினார். "தேதியப் பாருங்க, எண்பத்தேழு. மூடி போடறதுக்கு முந்தி புடிச்ச பழைய படமுங்க. செவப்பாத் தெரியறது பழச்சாறுங்க."

கசிந்துவிடக் கூடாதென்று பேட்டரியைக் கழற்றிவைப்பது என் வழக்கம். மறுபடி போட்டால் கேமராவின் தேதி அதன் தொடக்கமான 1987-க்குப் போய்விடும். அன்று காலை அதைத் திருத்த மறந்திருந்தேன். நான் சொன்ன விளக்கத்தை யாரும் ஏற்கவில்லை. மனு தள்ளுபடியானது.

இப்போதெல்லாம் பேட்டரி போட்டதும் முதலில் தேதியைத் திருத்திவிடுகிறேன்.

சின்னப்பொண்ணு இடது கையால் காப்பிப் பழம் பறிக்கிறார்.