ஒரு முடிச்சு அரக்கு, இரண்டு முடிச்சு பச்சை

ஒருத்தி கண்ணால் பார்த்துச் சொன்னதை இன்னொருவன் கையால் செய்து முடித்தால் அந்த வேலை யாருடையது? இருவருடையதும் என்று சொல்லிவிடலாம். வேலை நன்றாக அமைகிற நாட்களில் அந்தப் பதில் போதும். கெட்டுப்போகிற நாளில் போதாது. குற்றத்துக்கு ஓர் ஆள்தான் தேவைப்படுகிறது. யார் பக்கத்தில் இல்லையோ அவர் வசதியான ஆளாகிவிடுகிறார்.

ஜான் பீ அரூர்க்காரி. அப்பா கண்ணாடி வளையல் விற்றவர். கூடையில் இருநூறு நிறம் இருக்கும். கேட்கிற பெண்ணின் புடவையைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஏழு வயதிலிருந்து ஜான் பீதான் செய்தாள். வெங்காயத்தோல் நிறத்தில் மட்டும் நான்கு வகை உண்டென்பாள். அவள் எடுத்துக் கொடுத்த வளையலை யாரும் மாற்றக் கேட்டு வந்ததில்லை.

1961இல் அவளை அப்துல் சுபானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சுபான் பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார் சீட் தைத்துக்கொண்டிருந்தவன். அங்கே எல்லா சீட்டும் கறுப்பு. தர்மபுரிக்கு வந்து சேலம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, பின்னாலேயே வீட்டையும் வைத்துக்கொண்டான். கல்யாணமான முதல் மாதம் ஒரு பொட்டலத்தோடு வந்து, "இந்தா, உனக்குச் செவப்புப் பொடவை" என்று நீட்டினான். பிரித்தால் இலைப்பச்சை. அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான் என்பது இப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அவனுடைய அம்மாவுக்கே தெரியாது.

அப்போது கார் வாங்கியவர்களில் பலருக்கு உள்பக்கம் பிடிக்காமல்தான் இருந்தது. சாம்பல் நிறம், இல்லையென்றால் சாணி நிறம். பழைய காரை வாங்கியவர்களுக்கு முந்தைய சொந்தக்காரன் உட்கார்ந்து தேய்த்த இடம் கண்ணை உறுத்தும். சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்து, கதவின் உள் அட்டைகளையும் டேஷ்போர்டையும் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் வண்டி புதிதாகிவிடும். சுபானின் தையலில் குறை சொல்ல முடியாது. கதவு அட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னர் போட்டுத் துடைத்து, பெயிண்டைத் திட்டுத் திட்டாக இல்லாமல் மெல்லிய புகை போல அடிப்பான். நிறம் மட்டும் அவள். ரெக்சின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து டப்பாக்களைக் கலப்பாள். கலந்த டப்பாவின் கம்பிக் காதில் நூல் கட்டுவாள். ஒரு முடிச்சு என்றால் அரக்கு, இரண்டு என்றால் பச்சை, மூன்று என்றால் நீலம்.

வண்டி கொண்டுவருகிறவர், "பாய், இதுக்கு என்ன கலர் எடுக்கும்?" என்று கேட்டால், சுபான் தாடையில் விரலை வைத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நாளைக்குச் சொல்றேனுங்க" என்பான். அதற்குள் அவளைக் கேட்டாக வேண்டும். அவன் ஆழமாக யோசிக்கிறான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. 'சுபான் பாய் கண்ணு' என்று பேர் பரவிற்று. ஜான் பீ அவன் முதல் தடவை கேட்கும்போது பதில் சொல்வதில்லை. இரண்டாம் முறை கேட்டால்தான் சொல்வாள். அவளுக்குக் கிடைத்த மரியாதை அந்த இரண்டாம் முறை மட்டும்தான்; அதைக் கறாராக வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கென்று ஒரு பேரும் தெருவில் இருந்தது. புடவைக்கு ஜாக்கெட் துணி, நூல், ஓரத்துக்கு லேஸ் எது சேரும் என்று பெண்கள் அவளிடம் வருவார்கள். பக்கத்து வீட்டு ஷகிலா ஒவ்வொரு பண்டிகைக்கும் துணிக்கட்டோடு வந்துவிடுவாள். "அக்கா, நீங்க தொட்டுச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." இதற்கு ஜான் பீ எதுவும் வாங்குவதில்லை. வளையல் கூடைக்குப் பிறகு அவள் வாய் திறந்து ஒன்றைச் சொல்ல, நான்கு பேர் கேட்டது அங்கே மட்டும்தான்.

1967, தை மாதம். இண்டூர் நஞ்சப்பன் வண்டியை விட்டார். புளி வியாபாரம், நிலம் நீச்சு, பழைய அம்பாசிடர். மகள் கல்யாணத்துக்குள் உள்பக்கம் முழுவதும் அரக்கு நிறம் வேண்டும். கூறைப் புடவை நிறம். அதே சமயம் ஒரு கான்ட்ராக்டரின் ஜீப்புக்குப் பாட்டில் பச்சை. ஜான் பீ இரண்டு டப்பாவையும் கலந்து, முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, தங்கையின் பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரி போனாள்.

முதல் நாள் சுபான் சீட்டை மாட்டி, இடப்பக்கக் கதவுகளை அடித்து முடித்தான். சரியாகத்தான் அடித்தான். மறுநாள் நஞ்சப்பனின் டிரைவர் மாரப்பன் வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க வந்தான். டப்பாவைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"என்னங்க பாய், டப்பாவுக்கெல்லாம் தாயத்துக் கட்டியிருக்கீங்க? பெயிண்டுக்குப் பேய் புடிச்சிருக்குதா?"

"அது சும்மா."

"சும்மாவா? இதுல ஒண்ணு, அதுல ரெண்டு. எண்ணிக் கட்டியிருக்குதே! வூட்டம்மா வசியம் கிசியம் பண்றாங்களா, பாத்துக்கங்க!"

சுபானுக்கு வியர்த்துவிட்டது. மாரப்பனுக்கு எதுவும் தெரியாது. கேலி செய்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுபான் இரண்டு நூலையும் பிய்த்து எறிந்தான். இடப்பக்க டப்பா அரக்கு, வலப்பக்க டப்பா பச்சை என்று மனதில் வைத்துக்கொண்டு தொழுகைக்குப் போனான். அந்த நேரத்தில் வெயில் டப்பாக்கள் மேல் ஏறியது. மாரப்பன் நல்ல எண்ணத்தோடு அவற்றை இடம் வலம் மாற்றி நிழலில் வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினான். சுபான் திரும்பி வந்து, இடப்பக்கம் இருந்த டப்பாவை எடுத்தான். வலப்பக்கக் கதவுகளும் டேஷ்போர்டும் பாட்டில் பச்சையாயின. அவன் கண்ணுக்கு இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தன. திருப்தியோடு கையைக் கழுவினான்.

அடுத்த நாள், கல்யாணத்துக்கு முந்திய நாள் பிற்பகல், நஞ்சப்பன் மனைவி கோவிந்தம்மாளோடும் ஏழெட்டு உறவினரோடும் வண்டியை எடுக்க வந்தார். கதவைத் திறந்தார்கள். ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் பச்சை. பிறகு கூட்டத்தில் யாரோ, "இந்தப் பக்கம் பொண்ணு வூடு, அந்தப் பக்கம் மாப்ள வூடு. சண்டை வராம பிரிச்சு உட்டுட்டாரு பாய்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, அடிக்கிறப்ப உங்கண்ணு எங்க போயிருந்துச்சு?" என்றார் நஞ்சப்பன்.

"ஈரத்துல எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்ங்க. காஞ்சாத்தான் கலர் வரும்" என்றான் சுபான். அது பாதி உண்மை. மீதிக்கு அவன் ஓர் ஆளைத் தேடினான். "வூட்ல பொம்பளைகிட்டக் கலந்து வெக்கச் சொன்னேனுங்க. அவளுக்குச் செவப்பு எது, பச்சை எதுன்னு தெரியறதில்லீங்க. கண்ணுல கோளாறு. தெரிஞ்சும் குடுத்தது என் தப்புத்தான்."

கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜான் பீ, கையில் பையோடு கொட்டகை வாசலில் நின்று இதைக் கேட்டாள்.

பையை உள்ளே வைத்துவிட்டு, பின்வாசலில் உட்கார்ந்து புதிதாக அரக்கு கலந்தாள். சுபான் பொழுது சாய்வதற்குள் அடித்தான். வண்டி கல்யாணத்துக்குப் போய்விட்டது. அவசரத்தில் ஒரு மிளகளவு கறுப்பு கூடிப்போயிருந்தது; வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட ஒரு சாயல் கனத்திருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் சுபான் சொன்னான்: "கடை போச்சுன்னா ரெண்டு பேருக்கும்தானே சோறு இல்ல."

"பேரு?" என்றாள் அவள்.

அவன் கான்ட்ராக்டரின் ஜீப்பைப் பார்க்க எழுந்து போனான்.

சொன்னது ஒரு வாக்கியம். சுற்றி வந்தது பத்து வருஷம். அந்த ரம்ஜானுக்கு ஷகிலா துணிக்கட்டோடு வரவில்லை. தெருக்குழாயில் பார்த்தபோது, "டைலர்கிட்டயே உட்டுட்டேன்க்கா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றாள். பள்ளிக்கூடம் போகிற பெண்கள் சடை ரிப்பனைத் தூக்கிக் காட்டி, "பாயம்மா, இது என்ன கலரு?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். ஊரிலேயே நிறம் தெரிந்த கண், நிறம் தெரியாத கண்ணாகிவிட்டது. சுபானின் கொட்டகைக்கோ திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. நூல் கண்ணில் படும் என்று அவன் இப்போது முடிச்சு வேண்டாம் என்றான். டப்பாவின் அடியில் ஆணியால் கோடு கிழித்துக் கொடுத்தாள். நிறம் சொல்வதற்கு மட்டும், முன்போலவே அவன் இரண்டாம் முறை கேட்கும்வரை காத்திருந்தாள்.

அவளைப் பொறுமைசாலி என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கில்லை. பொறுமையா, அலட்சியமா, வேறு வழி இல்லாததா என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது.

1977இல் நஞ்சப்பன் மறுபடி வந்தார். வண்டி அதே அம்பாசிடர். சீட்டு ஓரத்தில் கிழிந்திருந்தது. அவர் அதற்காக மட்டும் வரவில்லை. இரண்டாவது மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, கண் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புள்ளி புள்ளியாக நிறம் போட்ட புத்தகத்தில் அவனுக்கு எண் தெரியவில்லை. பையன் ஒரு மாதமாக யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தான்.

வெயில் ஏறிய நேரம். கொட்டகையில் சுபான் இருந்தான். பின்வாசலில் ஜான் பீயும், குடம் இரவல் வாங்க வந்த ஷகிலாவும் நின்றார்கள். நஞ்சப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்னாருப்பா, செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுமாம். பொறவியிலேயே வர்றதாம். ஆம்பளைங்களுக்குத்தான் அதிகமாம், பொம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வமாம். அதக் கேட்டதுல இருந்து எனக்கு எம் பொண்ணு கல்யாண வண்டி ஞாபகம்தான்."

சுபான் ரெக்சினை மடித்துக்கொண்டே இருந்தான். "அதெல்லாம் பழைய கதைங்க."

"சண்டைக்கு வரல பாய். உனக்கு அந்தக் கோளாறு இருந்தா, எம் பையன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லு. கலர் தெரியாமயே கலர்ல பேர் வாங்கிட்டேன்னு சொல்லு. எந்திரிச்சு உக்காருவான்."

சுபானின் கண் பின்வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

"நீ சொல்ல வேண்டாம். பாயம்மா, நீங்க வாங்க" என்று நஞ்சப்பன் எழுந்து காரின் கதவைத் திறந்தார். "அன்னிக்கு உங்க மேல போட்டுட்டாங்க, நாங்களும் சிரிச்சுட்டுப் போயிட்டோம். தப்புத்தான். இந்தச் சீட்டு என்ன கலருங்க? சும்மா சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஷகிலா குடத்தை இறக்கி வைத்தாள். ஜான் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு அருகே வந்தாள். பத்து வருஷ வெயிலில் இரண்டு பக்கக் கதவுகளும் வெளுத்திருந்தன. வலப்பக்கம் இன்னும் ஒரு சாயல் கனமாகத்தான் இருந்தது. குனிந்து சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ந்த மாதுளைத் தோலின் அரக்கு. ஓரத்தில் கிழிந்த இடத்தில் மட்டும் பழைய அடர்த்தி.

"பச்சைங்க" என்றாள்.

நஞ்சப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை மூடினார். ஷகிலா பெருமூச்சு விட்டுக் குடத்தைத் தூக்கினாள். ஜான் பீ சொன்ன நிறம் தப்பு என்று கண்ணால் பார்த்து அறிய முடியாதவன் அங்கே சுபான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம், தன் கையால் தைத்த அரக்குச் சீட்டை அவள் ஏன் பச்சை என்றாள் என்று அவன் கேட்டான். இரண்டாம் முறையும் கேட்டான்.