முண்டு நாயோடு இரண்டு குகைகள்: சிக்கலிலிருந்து சித்தன்னவாசல் வரை

சித்தன்னவாசலுக்கு நான் போனது இது இரண்டாவது முறை. குகைக்குள் போனது முதல் முறை. முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிற வழியில் வேனை அங்கே நிறுத்தினார்கள். "அக்கா, நீ பையெல்லாம் பாத்துக்க, வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு என் தம்பி அழகர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனான். பதினொரு பை, இரண்டு தூக்குச்சட்டி. அவன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. அவர்கள் திரும்பி வந்ததும் வேன் கிளம்பிவிட்டது. அந்தக் குகையை ஒருநாள் பார்த்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த மாசியில் முதல் மிளகாய்ப் பறிப்பு முடிந்து ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் பேத்தி கயல் லீவில் வந்திருந்தாள். அழகர் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், அவனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர், நான்காவதாக எங்கள் நாய் முண்டு. எங்கள் பக்கத்து முண்டு மிளகாய் மாதிரியே உருண்டையாக, சிவப்பாக இருப்பதால் அந்தப் பெயர். நாயை எதற்குக் கூட்டிப்போனீர்கள் என்று கேட்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் விட்டுப்போனதற்கு, புளித்த சோற்றைப் போட்டு மூன்று நாள் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த வீட்டோடு இன்றுவரை எனக்குப் பேச்சு இல்லை.

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊரான சிக்கலை விட்டோம். ஆறே முக்காலுக்கு இராமநாதபுரத்தில் டீ. அங்கிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிச் சாலை. வலது பக்கம் கடல் தெரிவதும் மறைவதுமாகக் கூடவே வந்தது. முண்டு ஜன்னலில் தலையை வைத்துக் காற்றைத் தின்றுகொண்டே வந்தது. எட்டேகாலுக்குத் தொண்டி. புதுக்கோட்டையில் அழகரின் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு இருக்கிறது. கடற்கரைப் பக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் கருவாடு இல்லாமல் போனால் மரியாதை இல்லை. அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினான்.

"ஏலே, அதை டிக்கில வைடா. நாய் இருக்குல்ல."

"டிக்கில வச்சா வெயில்ல வெந்துரும்க்கா. என் சீட்டுக்கு அடியில இருக்கட்டும். பேப்பர் சுத்தித்தானே இருக்கு!"

முப்பது வருடம் பஸ் ஓட்டியவனிடம் வண்டிக்குள் எதை எங்கே வைப்பது என்று நான் சொல்லக்கூடாதாம். சரி என்று விட்டேன்.

திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி. காரைக்குடியில் இட்லி, வடை, காபி, மூன்று பேருக்கும் 210 ரூபாய். பதினொரு மணிக்குத் திருமயம் கோட்டை. டிக்கெட் ஆளுக்கு 25 ரூபாய் வாங்கினார்கள். பாதி உயரத்தில் பாறையைக் குடைந்து சின்னதாக ஒரு குகை அறை இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏற வேண்டும். நாயை உள்ளே விட மாட்டோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அழகர் என்னைப் பார்த்தான்.

"அக்கா, ஏணியெல்லாம் ஒனக்கு ஆகாது. நீ இங்கன நெழல்ல முண்டுவோட இரு."

"இருக்கேன். ஆனா சாயங்காலம் சித்தன்னவாசல்ல நீ இருக்கணும். கயலு, நீ சாட்சி."

"அதை அப்ப பாத்துக்கலாம்க்கா" என்றான். அந்த "பாத்துக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்தார்கள். கயல் காட்டிய போட்டோவில் பார்த்தால் அந்த ஏணிக்குப் பன்னிரண்டு படிதான். எங்கள் தென்னை மரத்தில் சாய்த்திருக்கும் ஏணி அதைவிடப் பெரிது.

மதியம் புதுக்கோட்டையில் ஓட்டல் சாப்பாடு; சம்பந்தி வீட்டுக்குத் திரும்பும்போது போவதாகத் திட்டம். நிழலில் நிறுத்திய காரில், ஜன்னலைப் பாதி இறக்கி முண்டுவைப் படுக்கப் போட்டுவிட்டு ஆளுக்கு ஆள் மாற்றி வந்து பார்த்துக்கொண்டோம். அப்படியும் எப்போது செய்தது என்று தெரியவில்லை. சித்தன்னவாசல் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால், மீட்டரில் காலையிலிருந்து 194 கிலோமீட்டர். ஓடுகிற வரை ஜன்னல் காற்றில் ஒன்றும் தெரியவில்லை; நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தால் கார் முழுக்கக் கருவாட்டு நாற்றம். சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, பேப்பரைக் கிழித்து, முண்டு நெத்திலியை மென்றுகொண்டிருக்கிறது.

"சம்பந்தி வீட்டுக் கருவாடு!" என்று அழகர் பாய்ந்தான். அவன் ஒரு பக்கம் இழுக்க, முண்டு ஒரு பக்கம் இழுக்க, பொட்டலம் பிய்ந்து பாதி அவன் மடியில் கொட்டியது. வேட்டி, சட்டை, இரண்டு கை, எல்லாம் கருவாடு. கயல் சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில், நாலரைக்கு மேல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அழகர் நாய்க்கயிற்றை என் கையில் திணித்தான்.

"அக்கா, அஞ்சே நிமிசம். கைய கழுவிட்டு நானும் கயலும் போயிட்டு வந்துர்றோம்."

அதே மலை, அதே மரநிழல். அவன் பத்தடி போயிருப்பான். முண்டு ஒரே இழுப்பில் கயிற்றை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடி, அவன் வேட்டியை முகர்ந்து நக்க ஆரம்பித்தது. கொண்டுவந்து என்னிடம் விட்டான். மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை நாய் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தான். முண்டு போட்ட ஊளையில் வாட்ச்மேனே எழுந்து வந்துவிட்டார்.

"யாருங்க நாய்க்குச் சொந்தக்காரரு? நீங்களா? நீங்க இருங்க, மத்தவங்க போங்க!"

"நான் இல்லைங்க, எங்க அக்கா நாயி..."

"நாய் அப்படிச் சொல்லலியே!"

கயிற்றை நானே அவன் கையில் சுற்றிவிட்டேன். "தண்ணி நெறையக் குடு. உப்பு தின்னுருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

குகை சின்னதுதான். ஆனால் கூரையில் ஒரு குளமே இருக்கிறது. தாமரை, இலை, மீன், யானை, பூப்பறிக்கும் ஆள். சில இடத்தில் நிறம் உதிர்ந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்த வருடம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். பிறகு அங்கே இருந்த காவலர் உள் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆயா, நடுவுல நின்னு வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு சொல்லுங்க."

சொன்னேன். என் குரல் சுவருக்குப் போய், நூறு பேர் குரலாகி, காலுக்கடியில் அதிர்ந்தது. மயிர்க்கூச்செறிந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டேன். கயல் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காவலர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆயா, போதும், மலை சரிஞ்சிரும்!"

வெளியே வந்தபோது நாலு இருபத்தைந்து. அழகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முண்டுவுக்கு மூன்றாவது பாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "என்னக்கா, குலவை சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு" என்றான். மனது கேட்கவில்லை. கருவாடு மணத்த அவன் மேல்துண்டை உருவி என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நாய் என் பக்கம் வந்துவிட்டது. "ஓடு, அஞ்சு நிமிசம் இருக்கு" என்றேன். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

போகிறவர்களுக்கு: நாயோடு போனால் குறைந்தது ஒரு ஆள் வெளியே இருக்க வேண்டும். யார் என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, நாலு பேர் முன்னால் பேசி முடித்துவிடுங்கள். கருவாட்டை மூடி போட்ட டப்பாவில், டிக்கியில் வையுங்கள். நாய்க்கு அந்த உப்பு ஆகாது. முண்டு மறுநாள் முழுக்கச் சோர்ந்து கிடந்துதான் தேறியது. மூன்றரை மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

சம்பந்தி வீட்டுக்குக் கடைசியில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனோம். அழகர் அவர்களிடம் குகைக்குள் தான் "ம்ம்ம்" சொன்னதை அரை மணி நேரம் சொன்னான். நான் வெளியே நின்றிருந்தேன், ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அதையும் அங்கேயே சொன்னேன்.