சத்தம் போடாத பாய்லர்

எண்பதுகளில் நான் திண்டிவனத்து அரிசி ஆலையில் நெல் அவித்தேன். சிலோனிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அங்கே வேலை செய்தார்கள். வீடில்லாததால் பாய்லர் அறையிலேயே கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார்கள். ஆவி மிஞ்சினால் வால்வு சீறும், குழந்தை அலறும். ஆவி வீணாகிறதென்று முதலாளி ஒருநாள் வால்வின்மேல் செங்கல்லை வைத்துக் கட்டச் செய்தார்.

“இன்னைக்குத்தான் புள்ள நிம்மதியா தூங்குது அண்ணே” என்று அந்தத் தாய் சிரித்தாள்.

“அது சீறாம இருந்தாதாம்மா ஆபத்து. புள்ளைய தூக்கிக்கினு வெளிய வா.”

“மழை வருதுண்ணே. களத்து நெல்லை அள்ளிட்டு வந்து தூக்கிக்கிறேன்.”

நனைந்தால் கூலி கிடையாது என்பதால் எல்லோரும் களத்துக்கு ஓடினோம். நெல்லை அள்ளி முடிப்பதற்குள் பாய்லர் வெடித்தது. அறை இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் கிடந்தது.

பிள்ளைகளே, குக்கர் விசில் அடிக்கத் தாமதமானால் நான் எழுந்து ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.